கிரிப் ரிப்போர்ட்: வீடு வாடகைக்கு விடுறவைக்கு உதவுமா?

வெள்ளவத்தையில எங்கட மேல் மாடிய வாடகைக்கு விடுறனான். முந்தி இருந்தவர் வாடகைய இழுத்து இழுத்து, கடைசியில கரண்ட் பில்லையும் எங்கட தலையில கட்டிட்டுப் போயிட்டார், அட்வான்ஸ் காசு அதுக்கே காணாது. கனடாவில ஸ்காபரோவில இருக்கிற அக்காட்ட சொல்ல, "ஏன்டா, கிரெடிட் பியூரோவுக்கு குடுக்கேல்லையா?" எண்டு கேட்டா. கிரெடிட் பியூரோ எண்டா, ஆர் ஆர் கடன எப்பிடிக் கட்டினவை எண்டு பதிஞ்சு வைக்கிற இடம். அவ பேஸ்மென்ட்ட வாடகைக்கு விட்டிருக்கிறா. அங்க ஃப்ரன்ட்லொபி எண்டொரு சேவை இருக்காம், வாடகை வந்ததோ பிந்தினதோ எண்டு வீட்டுக்காரர் பதிய, அது ஈக்விஃபாக்ஸ் எண்ட கிரெடிட் பியூரோவுக்குப் போகுமாம். அமெரிக்காவில எக்ஸ்பீரியன் எண்ட பியூரோவும் வாடகைக்கணக்கு எடுக்குது, பிந்தின கணக்கு ஏழு வருஷம் வரைக்கும் ரிப்போர்ட்ல கிடக்கலாம்.

சரி, இங்க எங்கட கிரிப்ப பாப்பம் எண்டு இறங்கினன். 1990ல சட்டம் போட்டு துவங்கின இலங்கை கொடுகடன் தகவல் பணியகம்தான் அது. நேராவே சொல்லுறன், வாடகை வரேல்லை எண்டு அங்க நீங்க முறைப்பாடு குடுக்க ஏலாது, வங்கி, ஃபினான்ஸ் கம்பனி, லீசிங் கம்பனி மாதிரி கடன் குடுக்கிறவைதான் தகவல் குடுக்கலாம். வாடகைக்கு வாறவரிண்ட ரிப்போர்ட்ட நீங்க போய் எடுக்கவும் ஏலாது, அவர்தான் தன்ர ஐடென்டிட்டி கார்ட்டோட எடுக்கோணும்.

ஆனா அவர் எடுத்துக் காட்டினா பிரயோசனம் இருக்கு. இப்ப வந்திருக்கிற குடும்பத்திட்ட கேக்கேக்க முதல் முகம் சுருங்கிச்சு, எனக்கும் கேக்கக் கூச்சம்தான், பிறகு அந்தத் தம்பி ஃபோன்லயே காட்டினார். ஒவ்வொரு கடனுக்கும் எவ்வளவு மிச்சம், எத்தனை நாள் பிந்தினது எண்டு கட்டம் கட்டமா வருது, கண்ணாடி போட்டும் கண்ண சுருக்கித்தான் வாசிக்கோணும். அவற்ற கிரெடிட் கார்ட் ஒழுங்கா கட்டியிருக்கு, ஆனா ஆருக்கோ கரண்டி (பிணை) நிண்ட ஆட்டோ லீசிங் ஒண்டு பிந்திப்போய்க் கிடக்கு, கேட்டா மச்சானாம்! கரண்டி நிக்கிறதும் அதில விழும் எண்டு கனபேருக்குத் தெரியாது. மச்சான் கட்டாததுக்கு இந்தப் பெடியன்ல குறை பிடிக்க ஏலுமே, வீட்டக் குடுத்தன்.

ஒண்டு கவனியுங்கோ, கிரிப் ஆரையும் "பிளாக்லிஸ்ட்"ல போடுறேல்லை, இருக்கிற கணக்கத்தான் காட்டும், கடன் குடுக்கிறதா இல்லையா எண்டு முடிவெடுக்கிறது வங்கிதான். ரிப்போர்ட் சுத்தமா இருக்கிறவர் வாடகைய நேரத்துக்குத் தருவார் எண்டும் இல்ல, கடனே எடுக்காத, கரண்டியும் நிக்காத ஆளுக்கு அதில பெரிசா ஒண்டும் இருக்காது.

எனக்கு உதவினது வேற ஒண்டு. காசில்லாம திரும்புற செக்க வங்கி கிரிப்புக்கு அறிவிக்கும், ரிப்போர்ட்ல அதுக்கெண்டே ஒரு பகுதி இருக்கு. அதால இப்ப வாடகைக்கு திகதி போட்ட செக்தான் வாங்குறன். காசா எண்டா "அண்ணை, வாற கிழமை தாறன்" எண்டு இழுக்கலாம், செக் எண்டா திகதிக்கு முதல் அவையே கோல் எடுத்து "ரெண்டு நாள் பிந்திப் போடுங்கோ" எண்டு சொல்லுவினம், நானும் போடாம வைப்பன்.

கனடா மாதிரி இங்கயும் வரோணுமோ எண்டு கேட்டா, வந்தாலும் எங்கட வீட்டுக்காரரில எத்தனை பேர் பதிவினம் எண்டு தெரியேல்லை. ரசீதே குடுக்காத ஆக்கள், அக்ரிமென்ட்ல ஒரு தொகை கையில இன்னொரு தொகை, வரிக்காரன் பாத்திடுவான் எண்ட பயம் வேற. வாடகை பிந்தினத எழுதப் போனா தன்ர வருமானத்தையும் எல்லோ எழுதோணும்.

ரிப்போர்ட்டுக்கு அஞ்சுக்கு மூண்டு. தனக்கெண்டு எடுத்துப் பாக்கிறவருக்கு நாலு குடுக்கலாம், தெரியாத கரண்டியெல்லாம் வெளிய வரும். வீட்டுக்காரர் பாத்திட்டுத் திருப்பிக் குடுங்கோ, கொப்பி எடுத்து வைக்காதேங்கோ, அது அவையிண்ட சொந்த விஷயம்.