போலி ஆன்டிவைரஸ் புகுந்த வீட்டுக் கணினி: ஸ்கேன் செய்து நீக்குவதா, ஃபார்மட் செய்வதா?

சென்ற மாதம் எங்கள் வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் விண்டோஸ் கணினியில் ஒரு போலி ஆன்டிவைரஸ் புகுந்துவிட்டது. வீடியோ கோப்புகளை மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றுடன் ஒட்டிக்கொண்டு வந்த அது, கணினி முழுவதும் வைரஸ் பரவிவிட்டதாகச் சிவப்பு எழுத்தில் அறிவித்து, அவற்றை நீக்குவதற்குக் கார்டு எண்ணைக் கேட்டது. இந்த நிலையில் இருக்கும் வழிகள் மூன்று: நல்ல கருவிகளைக் கொண்டு ஸ்கேன் செய்து நீக்குவது, ஃபார்மட் செய்து விண்டோஸைப் புதிதாக நிறுவுவது, கடையில் கொடுப்பது. முதல் வழியை முயன்று பார்த்த பிறகு இரண்டாவதற்குப் போனேன். இனி இப்படி நேர்ந்தால் நேராக இரண்டாவதற்கே போவேன்.

எதையும் தொடங்கும் முன், வந்திருப்பது உண்மையிலேயே கணினியில் நிறுவப்பட்ட மென்பொருள்தானா என்று பார்த்துவிட வேண்டும். 'உங்கள் சந்தா முடிந்துவிட்டது', 'வைரஸ் கண்டறியப்பட்டது' என்று திரையின் வலது கீழ் மூலையில் இன்று வரும் எச்சரிக்கைகளில் பல, ஏதோ ஓர் இணையதளத்தில் 'அலவ்' என்பதை அழுத்தியதால் பிரவுசர் காட்டும் நோட்டிஃபிகேஷன்கள் மட்டுமே. குரோமின் சைட் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் அது நின்றுவிடும். முழுத்திரையை அடைத்து, ஒலியெழுப்பி, தொலைபேசி எண்ணைக் காட்டும் பக்கத்துக்கு டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுவதே போதும். அந்த எண்ணை மட்டும் அழைக்கக் கூடாது. இவற்றுக்காக யாரும் ஃபார்மட் செய்ய வேண்டியதில்லை.

ஸ்கேன் செய்து நீக்கினால் போதும் என்ற எண்ணம் பழைய காலத்து அனுபவத்திலிருந்து வருகிறது. வின்ஃபிக்சர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் உலவிய போலிகளின் முதன்மை நோக்கம் பயமுறுத்திப் பணம் பறிப்பதுதான். அவற்றை விற்றவர்கள் மீது அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்தது. 2012இல் நீதிமன்றம் 16.3 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைச் செலுத்துமாறு தீர்ப்பளித்தது. அந்தக் காலத்துப் போலிகள் டாஸ்க் மேனேஜரைத் திறக்கவிடாமலும் உண்மையான ஆன்டிவைரஸை இயங்கவிடாமலும் தடுத்தாலும், தேவையான அடிப்படைப் பகுதிகளை மட்டும் இயக்கும் சேஃப் மோடில் நுழைந்து, மால்வேர்பைட்ஸ் என்ற நீக்கக் கருவியின் கோப்புப் பெயரை மாற்றி இயக்கினால் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

இன்றும் கருவிகளுக்குக் குறைவில்லை. விண்டோஸுடனேயே வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன், விண்டோஸ் செக்யூரிட்டியில் உள்ளது; அது வழக்கமான விண்டோஸ் இயங்காத நிலையில் ஏறக்குறைய 15 நிமிடம் தேடுகிறது. விளம்பர மென்பொருள்களுக்கு ஆட்வ்கிளீனர், மறுபடி சரிபார்க்க மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, இந்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரம் வழியாக இலவசமாகக் கிடைக்கும் நீக்கக் கருவிகள் என எல்லாமே பயனுள்ளவை. ஒரு மாலைப் பொழுதில் வேலை முடிந்துவிடும். கோப்புகள், பிரின்டர், தமிழ்த் தட்டச்சு எல்லாம் இருந்தபடியே இருக்கும். இந்த வசதி சிறியதல்ல.

ஆனால் கடைசி ஸ்கேனில் எதுவும் இல்லை என்று வந்த பிறகு, அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்கலாமா? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். ஸ்கேன் முடிவு சொல்வதெல்லாம், அந்தக் கருவிக்கு அடையாளம் தெரிந்த எதுவும் அது தேடிய இடங்களில் அகப்படவில்லை என்பதை மட்டுமே. எங்கள் கணினியில் போலி ஆன்டிவைரஸ் போய்விட்டது, டிஃபெண்டரும் பச்சை அடையாளம் காட்டியது. அதன் பிறகு டிஃபெண்டர் தேடாமல் விட்டுவிட வேண்டிய இடங்களைக் குறிக்கும் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற விலக்குப் பட்டியலைத் திறந்தபோது, சி டிரைவ் முழுவதும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. அட்மினிஸ்ட்ரேட்டர் அனுமதி பெற்ற ஒரு மென்பொருள், விண்டோஸுக்குக் கட்டளைகளை இடும் பவர்ஷெல்லில் ஒரே வரிக் கட்டளையால் செய்துவிடக்கூடிய மாற்றம் இது. அந்த விலக்கை நீக்கி மறுபடி ஸ்கேன் செய்ததும் வேறு சில கோப்புகள் அகப்பட்டன. அவற்றையும் நீக்கினேன், ஆனால் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கேள்வி அப்படியே நின்றது. டாஸ்க் ஷெட்யூலர், ரெஜிஸ்ட்ரியின் ரன் பகுதி, ஹோஸ்ட்ஸ் கோப்பு, பிராக்ஸி அமைப்பு, ரூட் சான்றிதழ்கள், பிரவுசர் எக்ஸ்டென்ஷன்கள் என்று, இத்தகைய மென்பொருள் மாற்றிவைக்கக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். எல்லா இடத்தையும் பார்த்துவிட்டோம், பார்த்த இடத்தில் இயல்புக்கு மாறானது எது என்றும் நமக்குத் தெரிந்தது என்று உறுதியாகச் சொல்ல, விண்டோஸின் உள்ளமைப்பை ஆழமாக அறிந்திருக்க வேண்டும்.

அந்த உறுதி இன்று கட்டாயம் வேண்டும், ஏனெனில் இத்தகைய மென்பொருள் பல நேரங்களில் தனியாக வருவதில்லை. கணினிக்குள் நுழைய வழி கண்டவர்கள் அந்த வழியைப் பிறருக்கும் கூலிக்கு விடுகிறார்கள். ஆகவே கண்ணுக்குத் தெரியும் போலியின் பின்னால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைச் சத்தமில்லாமல் திருடும் மால்வேரும் (தீங்கு செய்யும் மென்பொருளும்) வந்திருக்கலாம். லும்மா என்னும் திருட்டு மால்வேர், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டு மாதங்களில் மட்டும் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் புகுந்திருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டறிந்தது. சாலிட்டி, விரூட் போன்ற பழைய வகைகள் புகுந்தால் நிலைமை வேறு விதத்தில் மோசம்: கணினியில் மென்பொருள்களை இயக்கும் இஎக்ஸ்இ கோப்புகளுக்குள் தம்மையே எழுதிக்கொள்வதால், அவற்றை நீக்கிய பிறகும் சில மென்பொருள்கள் பழுதாகவே கிடக்கும்.

ஃபார்மட் செய்தால் ஒரு நாள் வீணாகும் என்பது உண்மை. விண்டோஸை நிறுவுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்தான் பொழுது போனது. நிறுவும் பென் டிரைவை, குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ளதாக, பாதிப்பில்லாத வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து தயாரிக்க வேண்டும். முறையான உரிமம் கணினியோடு பதிவாகியிருந்தால், அதே பதிப்பை நிறுவும்போது விண்டோஸ் தானாகவே ஆக்டிவேட் ஆகிவிடும். நிறுவும்போது விண்டோஸ் இருந்த வட்டின் பார்ட்டிஷன்கள் (சி, டி போன்ற பிரிவுகள்) அனைத்தையும் நீக்க வேண்டும் என்பதால், டி டிரைவில் குடும்பப் படங்களை வைத்திருப்பவர்கள் முதலில் அவற்றை வெளியே எடுத்துவிட வேண்டும். எடுக்கும்போது ஆவணங்கள், படங்கள், வீடியோக்கள் மட்டும் போதும். மென்பொருள் கோப்புகள் எதுவும் வேண்டாம். டேலி என்ற கணக்கு மென்பொருளை வைத்திருப்பவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரையும், வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் உள்ளவர்கள் அந்த எழுத்துருக் கோப்புகளையும் மறக்கக் கூடாது. இன்னொன்று முக்கியம்: குரோம் அமைப்புகளைக் கூகுள் கணக்கில் சேமித்து வேறு கணினிக்கும் கொண்டுவரும் சிங்க் வசதியை வைத்திருந்தால், பழைய கணினியிலிருந்த கெட்ட எக்ஸ்டென்ஷன் புதிய விண்டோஸிலும் வந்து அமர்ந்துகொள்ளும். எக்ஸ்டென்ஷன்களைச் சரிபார்த்த பிறகே சிங்க்கை இயக்க வேண்டும்.

ஸ்கேனுக்கும் ஃபார்மட்டுக்கும் நடுவே, விண்டோஸிலேயே உள்ள 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது. அதில் 'ரிமூவ் எவ்ரிதிங்' என்பதையும், விண்டோஸை மைக்ரோசாஃப்டிலிருந்தே இறக்கும் கிளவுட் டவுன்லோடையும் தேர்ந்தெடுத்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதுமானதாக இருக்கலாம். நான் அதைப் பாதிப்பில்லாத கணினியில் மட்டுமே செய்திருக்கிறேன் என்பதால் இதற்கு மேல் உறுதி கூற மாட்டேன். கோப்புகளை அப்படியே வைத்துக்கொள்ளும் 'கீப் மை ஃபைல்ஸ்' என்ற தேர்வை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்கவில்லை.

கடையைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். முறையான உரிமத்துடன், வாடிக்கையாளர் கண்முன்னே நிறுவித் தரும் கடை இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். திருட்டு விண்டோஸை நிறுவி, அதை ஆக்டிவேட் செய்யும் கருவிக்காக டிஃபெண்டரை நிறுத்திவைத்துத் திருப்பித் தருபவர்களும் இருக்கிறார்கள். அப்படி வாங்கி வந்த கணினி, கொண்டுபோனபோது இருந்ததைவிட நம்பத் தகாதது.

எந்த வழியில் போனாலும் பாஸ்வேர்டுகளை மாற்றியே ஆக வேண்டும்; அதுவும் பாதித்த கணினியிலிருந்து அல்ல, கைபேசியிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ மாற்ற வேண்டும். முதலில் மின்னஞ்சல், அடுத்து வங்கி, பிறகு மற்றவை. பாஸ்வேர்டு கேட்காமலே உள்நுழைவைத் தொடரவைக்கும் பிரவுசர் குக்கிகளும் திருடப்பட்டிருக்கலாம் என்பதால், கூகுள் கணக்கில் எந்தெந்தக் கணினிகளும் கைபேசிகளும் உள்நுழைந்திருக்கின்றன என்று பார்த்து, அனைத்திலிருந்தும் வெளியேறிவிட வேண்டும். ஃபார்மட் செய்ததால் மட்டும் திருடியவரின் கையில் உள்ள குக்கி செல்லாததாகிவிடாது. போலி ஆன்டிவைரஸுக்குக் கார்டு எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டிவிட்டவர்கள் கணினியைத் தொடுவதற்கு முன்பே வங்கியை அழைத்துக் கார்டை முடக்கிவிட்டு, இந்தியாவில் இருந்தால் இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணிலும் உடனே புகார் செய்ய வேண்டும்.