மாலைப் பொழுதுக்கு இரணைமடுவா, முல்லைத்தீவுக் கடலா?

வேலை முடிந்த மாலையில் எனக்கு இரணைமடுக் குளக்கட்டுக்கு நிகர் வேறில்லை. கிளிநொச்சியிலிருந்து போக ஒரு சைக்கிளே போதும். பெற்றோலுக்குக் காசு தேட வேண்டாம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் இது. குளக்கட்டின் மேல் நின்றால் மேற்கே சூரியன் இறங்குவதை நிதானமாகப் பார்க்கலாம். மாரி மழையில் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டால் அந்த இரைச்சலே பெரும் கொண்டாட்டம். குளத்து மீன் கிடைத்தால் இரவுக் குழம்புக்கும் ஆயிற்று. கடல்மீன்தான் உசத்தி என்பவர்களோடு நான் உடன்படுவதே இல்லை.

முல்லைத்தீவுக்கு ஏ35 வீதியில் புதுக்குடியிருப்பும் வட்டுவாகல் பாலமும் கடந்து போக வேண்டும். மோட்டார் சைக்கிள் இல்லாதவர் பஸ் நேரத்துக்குக் கட்டுப்பட்டவர். கிழக்குக் கரை ஆகையால் கடலில் சூரியனைக் காண விடியலில்தான் நிற்க வேண்டும்; மாலையில் அது முதுகுப் பக்கம் மறைந்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அலை மூர்க்கமானது, குளிக்க இறங்கவே கூடாது. ஆனால் நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்த ஞாயிறு என்றால் கடற்கரைதான்: மணலில் பந்தடிக்கவும், கச்சான் கொறித்தபடி உரக்கப் பாடவும் குளக்கட்டில் இடமேது?