ஷ்ராப்ஷயரா, ஹெரிஃபோர்ட்ஷயரா?

லண்டன் பார்த்தாச்சு, அடுத்து இங்கிலாந்தின் பழைய கிராமப்புறம் ஒன்றைப் பார்க்கணும் என்றால் எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸைத்தான் கை காட்டுவார்கள். நான் வேல்ஸ் எல்லையோரம் இருக்கும் இந்த இரண்டு கவுண்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஒன்றைத்தான் சொல்வேன். எது என்பது உங்களிடம் கார் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

கார் இல்லையென்றால் யோசிக்கவே வேண்டாம், ஷ்ராப்ஷயர். டார்வின் பிறந்த ஷ்ரூஸ்பரி, சர்ச் ஸ்ட்ரெட்டன், லட்லோ மூன்றும் ஒரே ரயில் பாதையில் வருகின்றன. சர்ச் ஸ்ட்ரெட்டனில் இறங்கி, ஊரைத் தாண்டி அப்படியே நடந்தால் லாங் மிண்ட் மலைமேல் ஏறிவிடலாம். ஆகஸ்டில் போனால் ஹெதர் பூத்து மேடெல்லாம் ஊதாவாகக் கிடக்கும், வெயில் இருந்தால் வேல்ஸ் மலைகள்வரை தெரியும். லட்லோவில் கோட்டை, அதன் வாசலிலேயே சந்தை. செப்டம்பரில் நடக்கும் உணவுத் திருவிழாவுக்குக் கூட்டம் அள்ளும், அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள். உள்ளூர்ச் சாப்பாடு என்றால் ஃபிட்ஜெட் பை: பன்றி இறைச்சி, ஆப்பிள், வெங்காயம் வைத்துச் சுட்டது. சைவக்காரர்களுக்குப் பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான், ஆனால் அதுவே அருமையாக இருக்கும். 1779இல் செவர்ன் ஆற்றின்மேல் நிறுத்திய இரும்புப் பாலம் ஒன்றுதான் சிக்கல். அது இருக்கும் ஐயன்பிரிட்ஜ் ஊரில் ரயில் நிலையம் கிடையாது, டெல்ஃபோர்டில் இறங்கி பஸ் பிடிக்கணும். சிரமப்பட்டாவது போங்கள், வார்ப்பிரும்பில் கட்டிய உலகின் முதல் பெரிய பாலம் அது.

கார் இருந்தால், அதுவும் இலையுதிர் காலமானால், ஹெரிஃபோர்ட்ஷயர். பெம்பிரிட்ஜ், வெப்ளி மாதிரி கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக நிற்கும் ஊர்களுக்குப் பஸ் அபூர்வம், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். வழியெல்லாம் ஆப்பிள் தோப்புகள்; அறுவடை நேரத்தில் தோட்டத்துக்காரர்களே சைடர் என்ற ஆப்பிள் மதுவை விற்பார்கள், பேரிக்காயில் செய்யும் பெர்ரி என்ற மதுவும் கிடைக்கும், குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் சாறு. மாட்டிறைச்சி சாப்பிடுபவர்களுக்கு இது ஹெரிஃபோர்ட் மாட்டின் சொந்த மண். கவுண்டியின் எல்லையோரம் இருக்கும் சைமண்ட்ஸ் யாட் பாறைமேல் நின்று வை ஆறு வளைந்து போவதைப் பார்ப்பதற்காகவே ஒரு பகலை ஒதுக்கலாம்.

ஹெரிஃபோர்ட் தேவாலயத்தில் இருக்கும், 1300ஆம் ஆண்டு வாக்கில் கன்றுத்தோலில் வரைந்த உலக வரைபடத்தை மட்டும் கார் இல்லாதவர்களும் விடவேண்டாம். லட்லோவிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்தான், போய்ப் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.