கடம்பூர் இருளும் ஐஸ் ஹவுஸ் வெளிச்சமும்: வரலாற்று நாவலில் கதைசொல்லியின் இடம்

‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களோடு பேசும்போதெல்லாம் ஒரு குழப்பம் தலைகாட்டுவதைக் கவனித்திருக்கிறேன். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் கொலையைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டில் பெயர் உள்ள ரவிதாசனும், எந்தக் கல்வெட்டிலும் இல்லாத நந்தினியும் அவர்கள் மனத்தில் ஒரே அளவுக்கு வாழ்ந்தவர்களாகப் பதிந்திருக்கிறார்கள். இதற்குக் கல்கியின் கற்பனை வளத்தைவிட, கதையைச் சொல்கிறவர் நிற்கும் இடமே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்நாவலின் கதைசொல்லி, தொடக்கத்திலேயே நேயர்களைக் கற்பனை ஓடத்தில் ஏறிக்கொள்ளும்படி அழைக்கிறார். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவனின் குதிரைக்குப் பின்னால் வருகிற அவரே, பழையாறையில் குந்தவையின் மனத்துக்குள்ளும் இருப்பார். இடையிடையே கல்வெட்டையும் செப்பேட்டையும் சான்று காட்டுவார். சான்று சொல்லும் குரலும் நந்தினியின் பெருமூச்சைச் சொல்லும் குரலும் ஒன்றாகவே இருப்பதால், வரலாறு எங்கே முடிந்து புனைவு எங்கே தொடங்குகிறது என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

ஆனால் எல்லாம் அறிந்த இந்தக் கதைசொல்லி ஒரே ஓர் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கிறார். கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. ஆதித்த கரிகாலன் இறந்து கிடக்கிறான். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. பின்னர் பெரிய பழுவேட்டரையரும் மணிமேகலையும் தாமே கொன்றதாகச் சொல்கிறார்கள். கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறதே தவிர, அவர்களை ஏவியவர் எவரேனும் உண்டா என்று சொல்லவில்லை. வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழன்மேல் ஐயம் கொண்டார். இன்னொரு வரலாற்றாசிரியரான சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். தொடர்கதைக்கு வேண்டிய மர்மத்துக்காகவும் கல்கி விளக்கை அணைத்திருக்கலாம். எப்படியிருந்தாலும், வரலாற்றாசிரியர்களின் திகைப்பை வாசகர் தாமே உணர்வது அந்த இருட்டில்தான். நாவலில் வரலாற்றுக்கு மிக நெருக்கமான இடமாக நான் கருதுவதும் அதுவே.

2013இல் வந்த ஜெயமோகனின் ‘வெள்ளை யானை’ இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. 1876–78 பெரும்பஞ்சக் காலத்துச் சென்னையில் நடக்கும் அந்தக் கதை படர்க்கையில் சொல்லப்பட்டாலும், ஏய்டன் என்ற அயர்லாந்து அதிகாரியின் பார்வையை ஒட்டியே செல்கிறது. கடல் கடந்து அமெரிக்காவிலிருந்து வரும் பனிக்கட்டி வெள்ளையரின் மதுக்கோப்பைகளுக்காக ஐஸ் ஹவுஸ் என்ற கிடங்கில் அடுக்கப்பட, வெளியே மக்கள் பசியால் சாகும் காட்சியை அவன் கண்ணால் காணும் வாசகருக்கு, அவனுடைய குற்றவுணர்வில் பங்குகொள்வதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது என்பதால், அதிகாரத்தின் கண்ணில் படாதவை எவை என்பதே கதையாகிவிடுகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பனிக்கட்டி சுமந்த தொழிலாளர்களின் மனத்துக்குள் நாம் ஒருபோதும் நுழைவதில்லை. அவர்களுடைய நியாயம் பெரிதும், அவர்களுக்காகப் பேசும் காத்தவராயன் ஏய்டனுக்கு எடுத்துச் சொல்லும் அளவிலேயே நம்மை எட்டுகிறது.

தன்மைக் கூற்று இன்னும் குறுகலானது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்கெரித் யூர்ஸ்னார் 1951இல் வெளியிட்ட ‘ஹாட்ரியனின் நினைவுகள்’ நாவலில், முதுமையடைந்த ரோமானியப் பேரரசர் இளைஞன் மார்க்கஸுக்குக் கடிதம் எழுதுகிறார். யூதேயாவின் கிளர்ச்சியை நசுக்கிய போரை அவர் தன் தோல்விகளில் ஒன்றாக எண்ணுகிறார். மாண்டவர்களின் குரலுக்கு அந்தக் கடிதத்தில் இடமில்லை. இவ்வளவு பண்பட்ட மனிதரை நம்பாமல் வாசிப்பது எளிதன்று.

ஓர் அரசின் உறவுச்சிக்கல்களையெல்லாம் ஒருசேர அறிய விரும்புகிறவருக்குக் கல்கியின் வழியே ஏற்றது; நானும் அதிக முறை திரும்பப் படித்தது அவரைத்தான். ஆனால் ஒரு கொடுமையைப் பற்றிய நாவலென்றால், தன் பார்வையின் எல்லையை மறைக்காத ஏய்டன் வழியையே நம்புவேன்.

பொன்னியின் செல்வனை ரவிதாசனே தன் வாயால் சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று சில வேளை எண்ணிப்பார்ப்பதுண்டு. அந்நாவலில் அவன் பாண்டிய மன்னன் வீரபாண்டியனின் ஆபத்துதவி, அதாவது மெய்க்காவலன். தன் மன்னனின் தலையைக் கொய்த ஆதித்த கரிகாலனைப் பழிதீர்ப்பதாகச் சபதம் செய்தவன். அவன் வாய்மொழியில் அந்தக் கொலை கடன் தீர்த்தலாகியிருக்கும்; துரோகி என்ற சொல்லோ, உடையார்குடிக் கல்லில் அதைப் பொறிக்கச் செய்த சோழ அரசின் சொல்லாக மட்டுமே நின்றிருக்கும்.