டிராகன் ஏஜ் 2: பல ஆண்டுகள் விளையாடியும் ஆறாத ஏமாற்றம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் பேசப்போகிறேன். இன்னும் விளையாடாதவர்கள் கடைசிப் பத்திக்குப் போய்விடலாம்.

டிராகன் ஏஜ் வீடியோ விளையாட்டுத் தொடரின் முதல் பாகமான ஆரிஜின்ஸ் 2009 நவம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 2011 மார்ச்சிலேயே கைக்கு வந்துவிட்டது. இத்தனை பெரிய ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் விளையாடும் வகை) ஒன்றின் அடுத்த பாகத்துக்கு ஒன்றரை ஆண்டுகூட இல்லாத இடைவெளி. அன்று சீக்கிரம் வந்துவிட்டதே என்று மகிழ்ந்தேன். இன்றுவரை அவ்வப்போது திரும்பப் போய் விளையாடுகிறேன். போகும்போதெல்லாம் அந்த அவசரம்தான் ஒவ்வொரு மூலையிலும் கண்ணில் படுகிறது.

கதையின் அடிப்படை எண்ணம் மட்டும் முதல் பாகத்தைவிடத் துணிச்சலானது. ஆரிஜின்ஸின் கதை நாம் பலமுறை கேட்டதுதான்: தீயசக்தியின் படை வருகிறது, நாடு முழுக்க அலைந்து நாமும் படை திரட்ட வேண்டும். இரண்டாம் பாகமோ உலகத்தைக் காப்பாற்றும் வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரே நகரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. கிர்க்வால் என்ற அந்த நகரத்துக்கு அகதியாக வந்துசேரும் ஹாக் (நாம் இயக்கும் பாத்திரம்), சில ஆண்டுகளில் அந்நகரத்தின் தலையெழுத்தையே மாற்றும் ஆளாக வளர்வதுதான் கதை. அதையும் வாரிக் என்ற குள்ளர், விசாரிக்க வந்த கசாண்ட்ராவிடம் கொஞ்சம் அளந்துவிட்டபடியே சொல்கிறார். அங்கம் மூன்று, ஒவ்வொன்றுக்கும் நடுவே மூன்றாண்டு இடைவெளி.

ஆண்டுகள் ஓடுகின்றன என்று கதை சொல்கிறது, ஊரைப் பார்த்தால் நம்ப முடியவில்லை. மாமாவின் குடிசையிலிருந்து மேல்நகர மாளிகைக்கு ஹாக் குடிபெயர்வது உண்மைதான். மற்றபடி அதே சந்தை, அதே படிக்கட்டு, அதே இடத்தில் நிற்கும் அதே கூட்டம். பெரும் கலவரம் நடந்து முடிந்த மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு தெருவாவது தோற்றம் மாறியதாகத் தெரியவில்லை. ஒரே நகரத்தில் கதை சொல்லத் துணிந்தவர்கள் அந்த நகரத்துக்கு வயதாவதையாவது காட்டியிருக்க வேண்டாமா?

குகைகளைப் பற்றி எல்லோரும் புலம்பியாயிற்று, என் பங்குக்கு நானும் புலம்புகிறேன். கடத்தல்காரர்களின் குகை, சிலந்திகளின் குகை, மந்திரவாதிகள் ஒளிந்திருக்கும் குகை எல்லாம் ஒரே குகை. சில வழிகளைக் கல்பலகையால் அடைத்துவிட்டு வேறு இடம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். திரையின் மூலையில் இருக்கும் வரைபடமோ அடைத்த பாதையையும் சேர்த்தே காட்டும். ஒளித்து வைத்ததைத் தானே காட்டிக்கொடுக்கும் வரைபடத்தை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

சண்டை வேகமாகியிருக்கிறது, அதில் எனக்குக் குறையில்லை. யோசித்துச் சண்டையிடும் இன்பம் போய்விட்டதுதான் குறை. ஆரிஜின்ஸின் கணினிப் பதிப்பில் கேமராவை மேலே உயர்த்தி, களம் முழுவதையும் பார்த்து, கேடயக்காரரை வாசலில் நிறுத்தி, மந்திரவாதியைப் பின்னால் வைப்போம். நெருப்பு மந்திரம் நம் ஆட்களையும் சுடும் என்பதால் ஏவும் முன் ஒரு நொடி தயங்குவோம். இரண்டாம் பாகத்தில் அந்த மேல்பார்வை இல்லை. நம் மந்திரம் நம்மைச் சுடுவதும் மிகக் கடினமான நிலையில் மட்டும்தான். அப்படியே திட்டம் போட்டாலும், முதல் கூட்டத்தை முடித்ததும் அடுத்த கூட்டம் கூரையிலிருந்து நம் மந்திரவாதியின் தலைமாட்டில் குதிக்கும். முன்யோசனைக்கு என்ன மரியாதை இருக்கிறது?

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது மூன்றாம் அங்கம். மந்திரவாதிகளா, அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்களா என்ற கேள்வியைத் தொடக்கத்திலிருந்தே சூடேற்றிக்கொண்டு வருகிறார்கள். நம் தோழர்களில் ஒருவரான மந்திரவாதி ஆண்டர்ஸ் தேவாலயத்தைத் தகர்த்த பிறகு ஒரு பக்கம் சேர்ந்தே ஆக வேண்டும். மந்திரவாதிகளின் பக்கம் நின்றால், அவர்களின் தலைவர் ஒர்சினோ விரக்தியில் தானே அரக்கனாக மாறி நம்மேல் பாய்கிறார். டெம்ப்ளர்களின் பக்கம் நின்றாலும் அவரோடு சண்டை. கடைசியில் டெம்ப்ளர் தளபதி மெரிடித்தோடும் சண்டை. எந்த வழியில் போனாலும் இரண்டு பேரையும் வீழ்த்தியாக வேண்டும். ஆரிஜின்ஸில் எல்ஃப்களை விட்டுவிட்டு ஓநாய் மனிதர்களின் பக்கம் சாய்ந்தால், இறுதிப்போரில் ஓநாய் மனிதர்களே நமக்காகக் களமிறங்குவார்கள். தேர்ந்தெடுத்ததன் பலனை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஆனால் இரண்டாம் அங்கத்தை மட்டும் யாரும் குறை சொல்ல விடமாட்டேன். ஊருக்குள் முகாமிட்டிருக்கும் குனாரிகள் என்ற வேற்றினத்தாரின் தலைவர் அரிஷோக், வாய் திறந்து பேசும் ஒவ்வொரு முறையும் நகரத்தின் பாசாங்கைக் கிழிக்கிறார். மோதல் வெடிக்கும்போது நியாயம் யார் பக்கம் என்று இன்றும் எனக்குக் குழப்பம்தான். அதே அங்கத்தில் ஹாக்கின் தாய்க்கு நேர்வதை எவ்வளவு முயன்றாலும் தடுக்க முடியாது. அங்கே கை கட்டப்பட்டிருப்பது வலிக்கிறது, அந்த வலிக்குப் பொருள் இருக்கிறது. மூன்றாம் அங்கத்தில் கை கட்டப்பட்டிருப்பது எரிச்சலாக மட்டுமே இருக்கிறது.

தோழர்களோடு பழகும் முறையும் முதல் பாகத்தைவிட மேம்பட்டது. ஆரிஜின்ஸில் பரிசுப் பொருள்களைக் கொடுத்தே யாரையும் வளைத்துவிடலாம். இங்கே நட்பு ஒரு வழி, முரண் மற்றொரு வழி. தோழி மெரில் செய்யும் மாயக் கண்ணாடி ஆராய்ச்சியைத் தொடர்ந்து எதிர்த்துக்கொண்டே இருந்தாலும் அவள் நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. அந்தப் பகையிலும் ஒரு நெருக்கம் வளர்கிறது. இன்னொரு தோழி அவெலின் ஒரு காவலரிடம் மனத்தைச் சொல்லத் தடுமாறுவதும் நாம் நடுவே தூது போவதும் இத்தொடரிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உலகம் அழியப்போகும் கதைகளில் இப்படிப்பட்ட காட்சிக்கு நேரம் ஒதுக்கமாட்டார்கள்.

2014-இல் வந்த மூன்றாம் பாகமான இன்குவிசிஷனில் வாரிக்கும் கசாண்ட்ராவும் மீண்டும் வருகிறார்கள், ஹாக்கும் தலைகாட்டுகிறார். அதை விளையாடப் போகிறவர்கள் இதை ஒருமுறை கடந்து வரலாம். கடின நிலையைத் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள், அடுக்கடுக்காக வரும் கூட்டம் சீக்கிரம் தீரும். உரையாடலில் ஊதா முகமூடிச் சின்னம் உள்ள கிண்டல் பதில்களையே பெரும்பாலும் தேர்ந்தெடுங்கள். ஹாக் அப்போதுதான் முழு ஆளாகிறார். தோழர்கள் கேட்கும் வேலை எதையும் விடாதீர்கள். முன்பின் தெரியாத ஒருவர் குகைக்குப் போய்வரச் சொன்னால் மட்டும் மறுத்துவிடுங்கள், அந்தக் குகையை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள்.