அண்ணன் கடையும் அம்மாவோட அஞ்சு காசும் (சுங்கை சிப்புட் மளிகைக் கடை ரிவ்யூ)

மளிகைக் கடைக்கெல்லாம் யாரு ரிவ்யூ எழுதுவான்னு இத்தனை நாளா விட்டுட்டேன். போன மாசம் டவுன்ல ஒரு மினிமார்ட்ல (பேரு வேணாம்) அம்மாவுக்கும் கவுண்டர்ல இருந்த பொண்ணுக்கும் அஞ்சு காசுக்கு நடந்த பஞ்சாயத்துக்கு அப்புறம்தான் சரி எழுதிருவோம்னு உட்கார்ந்தேன்.

நான் சொல்லப் போற கடை மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் டவுன்ல, பழைய கடை வரிசையில இருக்கு. போர்டுல எழுத்து பாதி உதிர்ந்து போச்சு, அதைப் பாத்து யாரும் கண்டுபிடிக்கிறதும் இல்ல, "அண்ணன் கடை"ன்னு கேட்டா சுத்தி இருக்கிற தோட்டத்துக்காரங்க எல்லாரும் வழி சொல்லுவாங்க. உள்ள போனா முதல்ல மூக்குலதான் கடை தெரியும், கருவாடு, சாம்பிராணி, மிளகாய்த்தூள் அரைச்ச வாசனை எல்லாம் ஒன்னா வரும். ஏர்கோன் கிடையாது, ஒரு ஃபேன், அதுவும் அண்ணனைப் பாத்துதான் சுத்தும்.

முதல்ல மினிமார்ட் கதைய சொல்லிடுறேன். அம்மாவுக்கு எழுபது தாண்டியாச்சு, தோட்டத்துல பால் மரம் (ரப்பர்) வெட்டுன காலத்துல இருந்தே கணக்கு எல்லாம் மனசுலதான். சீனி ஒரு கிலோ வாங்கினாங்க, அரசாங்கம் போட்ட கட்டுப்பாட்டு விலை 2 வெள்ளி (ரிங்கிட்) 85 காசு, மூணு வெள்ளி குடுத்தா பதினஞ்சு காசு மீதி வரணும். அந்தப் பொண்ணு பத்து காசும் ஒரு புதினா மிட்டாயும் வச்சுது. அம்மா மிட்டாய திருப்பி தள்ளிட்டு, "எனக்கு இனிப்பு நீர் மா, காசு குடு"ன்னாங்க. "சில்லறை இல்ல ஆன்ட்டி, அஞ்சு காசுதானே"ன்னு அது சொல்ல, "சரி, நாளைக்கு நான் அஞ்சு காசுக்கு பதிலா இந்த மிட்டாயவே கொண்டாந்தா நீ வாங்கிக்குவியா?"ன்னு அம்மா கேட்டாங்க பாருங்க, பின்னாடி நின்ன சீனக் கிழவர் ஒருத்தர் சிரிச்சே போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து நான் சொன்னேன், இந்த அஞ்சு காசையே எடுத்துட்டா பிரச்சினை தீந்துரும்லன்னு. அம்மா ஒத்துக்கல. "ஒரு காச எடுத்தப்பவும் இப்படித்தான் சொன்னாங்க"ன்னாங்க.

அது நெஜம்தான். 2008 ஏப்ரல் 1-ல இருந்து (தேதிய பாத்துட்டு எங்க பக்கத்து வீட்டு அங்கிள் முட்டாள் தினம்னு நம்பவே இல்ல) கடையில ரொக்கமா கட்டுனா மொத்த பில்லை அஞ்சு காசுக்கு சரி பண்ணணும்னு நம்ம மத்திய வங்கி பேங்க் நெகாரா கொண்டு வந்தாங்க. கடைசி எண்ணு 1, 2 வந்தா கீழ இறக்கி பூஜ்யம், 3, 4 வந்தா மேல ஏத்தி 5, அதே மாதிரி 6, 7 வந்தா 5, 8, 9 வந்தா அடுத்த பத்து. எண்ணிப் பாருங்க, இறங்கறது நாலு, ஏறுறது நாலு, ஆக நீங்களும் கடைக்காரரும் சரிசமம். கார்டுலயோ கியூஆர்லயோ கட்டுனா இந்த சரிக்கட்டல் தேவையே இல்ல, 7.48-ன்னா 7.48தான் போகும். ஒரு காசு செல்லாக் காசும் ஆகல, கடையில புழங்கறதுதான் நின்னு போச்சு. 2012-ல புது சில்லறை வந்தப்ப அதுல ஒரு காசே இல்ல.

இதுல ரொம்ப பேருக்கு தெரியாத ஒரு சங்கதி, சரி பண்ண வேண்டியது மொத்தத்தை, ஒவ்வொரு சாமானா இல்ல. இங்கதான் அண்ணன் கடை ஜெயிக்குது. நான் ஒரு நாள் ஒரே லிஸ்ட்ட ரெண்டு கடையிலயும் வாங்கிப் பாத்தேன் (ஆமா, எனக்கு வேற வேலை இல்ல). நிறுவையும் விலையும் ரெண்டு எடத்துலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான், அதனால அண்ணன் கடை கணக்கையே சொல்றேன், வெங்காயம் 2.43, தக்காளி 1.58, பூண்டு 1.13, சீனி 2.85, பாக்கெட் எண்ணெய் 2.50. கூட்டுனா 10.49, அண்ணன் 10.50 வாங்கிக்கிட்டாரு. மினிமார்ட்ல தராசு ஸ்டிக்கர்லயே வெங்காயம் 2.45, தக்காளி 1.60, பூண்டு 1.15-ன்னு ஏத்தித்தான் ஒட்டுவாங்க போல, இதே சாமானுக்கு அந்த முறையில போட்டா 10.55 வரும். அஞ்சு காசுதான், ஒத்துக்கறேன். ஆனா அந்த ஸ்டிக்கர் ஒரு தடவை கூட கீழ இறங்கி நான் பாக்கல.

அண்ணன் கடையில இன்னும் 555 புக்கு ஓடுது. தெரியாதவங்களுக்கு, சட்டைப் பைக்குள்ள அடங்குற குட்டி நோட்டு, அட்டையில 555-ன்னு போட்டிருக்கும், பற்று வைக்கிற தோட்டத்து ஆளுங்க கணக்கெல்லாம் அதுலதான். அவரு என்ன பண்றாருன்னா, தினம் வாங்கறத காசு கணக்கு மாறாம அப்படியே எழுதுறாரு, 3.47-ன்னா 3.47, சம்பளம் போட்ட அன்னைக்கு மொத்தமா கூட்டி ஒரே ஒரு தடவை சரி பண்றாரு. மாசத்துக்கு இருபது தடவை சரிக்கட்டறதும் ஒரு தடவை சரிக்கட்டறதும் ஒன்னா? ஏன் அப்படின்னு கேட்டதுக்கு, "எங்கப்பா அப்படித்தான் எழுதுனாரு தங்கச்சி"ன்னு மட்டும் சொன்னாரு, எந்தக் கணக்கு வாத்தியார்கிட்டயும் படிச்சுட்டு வரல.

சரி, அஞ்சு காச எடுக்கலாமா வேணாமாங்கிற விஷயத்துக்கு வரேன், ஏன்னா அன்னைக்கு கல்லாவுல நின்னு அண்ணன்கிட்ட அரை மணி நேரம் இதைத்தான் பேசிட்டு இருந்தேன், நெத்திலி வாங்க வந்தவங்க எல்லாம் ஒரு மாதிரி பாத்தாங்க.

எனக்கு அஞ்சு காசு மேல பாசம் எதுவும் இல்ல. இப்ப இருக்கிற அஞ்சு காசு கிட்டத்தட்ட பழைய ஒரு காசோட அகலம்தான், 17.78 மில்லிமீட்டர், பத்து காசு 18.80. ரெண்டுக்கும் நடுவுல ஒரே ஒரு மில்லிமீட்டர், ரெண்டும் ஒரே வெள்ளை எஃகு நிறம், கண்ணு மங்கின ஆளுங்க எப்படி பிரிச்சுப் பாப்பாங்க? அம்மா பத்து காசுன்னு நினைச்சு அஞ்சு காச குடுத்து திரும்ப வாங்குனதும் உண்டு, மாத்தி குடுத்து ஏமாந்ததும் உண்டு. 1989-ல வந்த பழைய செட்டுல பின்பக்கம் திருப்பினா தெரிஞ்சிரும், அஞ்சு காசுல பம்பரம், பத்து காசுல பல்லாங்குழி, அம்பது காசுல பட்டம், சின்ன வயசுல அதை வச்சே எண்ணக் கத்துக்கிட்டோம். போன வருஷம் மைலோ டின் நெறைய சேர்ந்த சில்லறைய பேங்குக்கு தூக்கிட்டுப் போனா, தனித்தனியா பிரிச்சு பிளாஸ்டிக்ல கட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதனால போகட்டும்னுதான் நான் நினைச்சேன்.

அண்ணன்தான் ஒரு முடிச்சு போட்டாரு. "தங்கச்சி, ஒரு காச எடுத்தப்ப ஏத்தறதும் இறக்கறதும் சமமா இருந்துச்சு. அஞ்சு காச எடுத்தா, இந்த சீனி 2.85, இத 2.80-ன்னு விக்கவா 2.90-ன்னு விக்கவா?" நான் முழிச்சேன். நெஜமாவே அதுதான் சிக்கல். பத்து காசுக்கு சரி பண்ணும்போது 1-ல இருந்து 4 கீழ, 6-ல இருந்து 9 மேல, 5 மட்டும் நட்டநடுவுல நிக்குது. நம்ம ஊருல விலை எல்லாம் அஞ்சுலயும் பூஜ்யத்துலயும் முடியற மாதிரி பழகிப் போச்சு, அதனால அந்த நடுவுல நிக்கிற 5 எப்பவாவது வர்ற ஆள் இல்ல, நாள் பூரா வர்ற ஆளு. அதை எல்லாரும் மேல ஏத்துனா ரொக்கம் குடுக்கிறவன் தலையில மட்டும்தான் விழும், கியூஆர் ஸ்கேன் பண்ற என் மகனுக்கு ஒன்னும் ஆகாது. கட்டுப்பாட்டு விலை 2.85-ன்னு இருக்கிற சாமான 2.90-க்கு வித்தா அதிகாரி வந்து நின்னா அண்ணன் என்ன பதில் சொல்லுவாரு, 2.80-க்கு வித்தா அந்த அஞ்சு காச யாரு குடுப்பா?

நியூசிலாந்துல 2006-லயே அஞ்சு சென்ட்ட எடுத்துட்டாங்க, அங்க 5-ல முடியற பில்லை ஏத்தறதா இறக்கறதான்னு கடைக்காரரே முடிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க. கனடா 2013-ல ஒரு சென்ட் விநியோகத்தை நிறுத்திட்டாங்க, அமெரிக்காவும் 2025-ல புழக்கத்துக்கு ஒரு சென்ட் அடிக்கறத நிறுத்தியாச்சு, ஆனா அவங்க பிரச்சினை ஒரு சென்ட், நம்ம அந்த கட்டத்த 2008-லயே தாண்டியாச்சு. நம்ம பாக்க வேண்டியது நியூசிலாந்துக் கணக்கத்தான்.

பெட்ரோல் ஸ்டேஷன்ல பாருங்க, 2025 செப்டம்பர் கடைசியில பூடி95-ங்கிற அரசாங்க பெட்ரோல் மானியத் திட்டம் வந்தப்ப லிட்டர் 1.99-ன்னு வச்சாங்க, ஒரு காசே கையில இல்லாத நாட்டுல 1.99! அங்கயும் மொத்தத்துலதான் சரிக்கட்டறாங்க, யாரும் சண்டை போடல. விலை எப்படி வேணா இருக்கட்டும், மொத்தத்துல மட்டும் கை வைங்க, நடுவுல நிக்கிற 5-ஐ கண்டிப்பா கீழ இறக்கணும்னு சட்டமா எழுதுங்க, அப்புறம் அஞ்சு காச தாராளமா எடுங்க. இதான் என் கட்சி. "கடைக்காரர் இஷ்டம்"னு விட்டா அண்ணன் மாதிரி ஆளு இறக்குவாரு, மினிமார்ட் ஏத்தும், நமக்கே தெரியும்.

அண்ணன் ஏற்கனவே இறக்கத்தான் செய்யறாரு. வயசானவங்க ரொக்கமா குடுத்தா கடைசி அஞ்சு காச "விடுங்கக்கா"ன்னு விட்டுடுறாரு. அம்மாவுக்கு அதுவும் பிடிக்கல, "நான் என்ன பிச்சையா கேட்டேன்"ன்னு அடுத்த தடவை பேக்ல தேடி எடுத்து அந்த அஞ்சு காச கல்லா மேல வச்சுட்டு வந்தாங்க. அவரும் எடுத்துக்கிட்டாரு, ஒன்னும் பேசல.

கடைய பத்தி மத்த விஷயம். பருப்பு, மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் முதல் தரம், நெத்திலி மட்டும் பெரிய கடைய விட கொஞ்சம் விலை. பிஸ்கட் வாங்கும்போது தேதிய பாத்து வாங்குங்க, ஒரு தடவை ஒரு மாசம் முடிஞ்ச பாக்கெட் வந்துச்சு, சொன்னதும் வேற மாத்திக் குடுத்தாரு, முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கிச்சு. கார் நிறுத்த எடமே இல்ல. கியூஆர் அட்டை கல்லாவுல தொங்குது ஆனா லைன் பாதி நேரம் வராது, ரொக்கம் வச்சுக்குங்க. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஒன்ன குறைச்சது அந்த ஃபேனுக்கு.

மதியம் ஒன்றரைக்கு மேல போகாதீங்க, சாப்பிடப் போயிருவாரு, மூணு மணிக்கு மேலதான் கதவு. தேங்காய் துருவணும்னா காலையிலயே போங்க, வெள்ளிக்கிழமை கறிவேப்பிலை பத்து மணிக்குள்ள தீந்துரும்.