ஆன்போர்டு லேனா, தனி கார்டா?

நெட் கேபிள் குத்த மதர்போர்டிலேயே வரும் போர்ட் (ஆன்போர்டு லேன்) போதுமா, தனியாக ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் போடலாமா என்பதுதான் கேள்வி. வேகத்தை முதலிலேயே முடித்துவிடலாம், அதில் பேச அதிகம் இல்லை. மதர்போர்டில் வரும் கிகாபிட் போர்ட்டிலும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கார்டிலும் பெரும்பாலும் ஒரே ரியல்டெக் 8111 குடும்பச் சிப்தான். எதில் ஐபெர்ஃப் (வேகம் அளக்கும் புரோகிராம்) ஓட்டினாலும் 940 மெகாபிட் பக்கம்தான் நிற்கும். கார்டு போட்டால் நெட் பறக்கும் என்று கடையில் சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். பழைய பிசிஐ (பிசிஐ எக்ஸ்பிரஸுக்கு முந்தைய ஸ்லாட்) கார்டு மட்டும் வேண்டாம்; அந்த ஸ்லாட்டுகள் எல்லாம் சேர்ந்தே நொடிக்கு 133 மெகாபைட்தான்.

300 மெகாபிட் பிளான் இருந்தும் ஸ்பீடு டெஸ்ட் 94-லேயே நிற்கிறதா? முதல் சந்தேகம் கேபிள்மேல். 100 மெகாபிட்டுக்கு 1, 2, 3, 6 என நாலு கம்பி போதும், கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கனெக்‌ஷன் கொடுத்தவர் நாலை மட்டும் கிரிம்ப் செய்திருப்பார். திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் ஒரு பின் பச்சை பூத்திருக்கும். அடாப்டர் ஸ்டேட்டஸில் ஸ்பீடு 100 என்று காட்டினால், கார்டு வாங்கும் முன் இரண்டு முனையையும் வெட்டிப் புது ஆர்ஜே-45 பிளக் அடித்துப் பாருங்கள்.

அப்புறம் ஏன் நான் கார்டு பக்கம்? மின்னல். மொட்டை மாடி சுவிட்சிலிருந்து செப்புக் கேபிள் நேராக வீட்டுக்குள் இறங்கும் அபார்ட்மென்ட்டுகள் இங்கே இன்னும் இருக்கின்றன. ஈதர்நெட் போர்ட்டில் உள்ள குட்டி டிரான்ஸ்பார்மர் 1500 வோல்ட் வரை தடுக்கும்படி செய்யப்பட்டது. பக்கத்தில் விழும் இடி அதையெல்லாம் மதிக்காது. மறுநாள் லிங்க் லைட் எரியாது, அல்லது கேபிள் குத்தியிருக்கும்போதே ‘அன்பிளக்டு’ என்று வரும், அல்லது டிவைஸ் மேனேஜரில் ஆளே இருக்காது. எரிந்தது கார்டு என்றால் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் பத்து நிமிட வேலை. ஆன்போர்டு சிப் என்றால் ஹாட் ஏர் வைத்து மாற்ற ஆள் தேட வேண்டும். சிப் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் சில சமயம் போர்டே ஆன் ஆகாது, அப்போது ஆயிரக்கணக்கில் செலவு.

கார்டு போட்டால் போர்டு கட்டாயம் தப்பும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். பெரிய சர்ஜ் (திடீர் மின்பாய்ச்சல்) ஸ்லாட் வழியாகவும் உள்ளே போகலாம். முதலில் அடி வாங்க நடுவில் ஒரு ரூட்டர் இருப்பது இன்னும் நல்லது. வீட்டுக்குள் ஃபைபரே வந்துவிட்டால் இந்தப் பயம் பாதிக்கு மேல் குறையும். மிச்சம், ஓஎன்டியின் (ஃபைபர் வந்து சேரும் பெட்டி) பவர் அடாப்டர் வழியாக வருவது. அப்படிப்பட்ட வீட்டில் ஆன்போர்டே தாராளம்.

2.5 கிகாபிட் வேறு கணக்கு. போர்டில் 1 கிகாபிட்தான் என்றால் ரியல்டெக் 8125 சிப் உள்ள கார்டு நல்ல வழி. ரூட்டர் போர்ட்டும் 2.5 ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசு தண்டம். கேட்-5இ கேபிளே போதும். பழைய விண்டோஸ் 10-இல் இதற்கு டிரைவர் இருக்காது, முன்கூட்டியே பென்டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். செகண்ட் ஹேண்டில் இன்டெல் ஐ225 வந்தால் யோசியுங்கள். முதல் பதிப்புகளில் 2.5-இல் பாக்கெட் தொலையும் கோளாறு உண்டு.

வாங்கும் முன் கேபினட்டைத் திறந்து பாருங்கள். தடியான கிராஃபிக்ஸ் கார்டு நெட்வொர்க் கார்டு குத்தும் குட்டி எக்ஸ்1 ஸ்லாட்டை மூடியிருக்கலாம்; ஸ்லிம் கேபினட் என்றால் குட்டை பிராக்கெட்டும் கேட்டு வாங்க வேண்டும். மாட்டியதும் பயாஸில் ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்யுங்கள். ரூட்டர் இல்லாமல் நேரடி லைன் என்றால் ஒரு சிக்கல்: கார்டு மாறினால் மேக் அட்ரஸ் (ஒவ்வொரு நெட்வொர்க் போர்ட்டுக்கும் உள்ள அடையாள எண்) மாறும், சில ஆபரேட்டர்கள் பழையதோடு கட்டிப்போட்டிருப்பார்கள், லிங்க் லைட் எரிந்தும் நெட் வராது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் ‘அட்வான்ஸ்டு’ டேப்பில் ‘நெட்வொர்க் அட்ரஸ்’ என்ற இடத்தில் பழைய மேக்கைப் போடுங்கள், இல்லையேல் அவர்களுக்கு போன் போட்டு மாற்றச் சொல்லுங்கள்.